வேலைக்கு இல்லை, ஊர் பார்க்க

கந்தப்பளையிலிருந்து சிசிலித் தீவின் பலெர்மோ வரை, ஒரு தோட்டத்துப் பெண்ணின் தனிப்பயணம்

கந்தப்பளைக்கு வெள்ளைக்காரர் வந்து போவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. ஹெதர்செட் தோட்டத்தில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானதிலிருந்து, இந்த மலைக்கு வேலை எதுவும் இல்லாமல் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். சேலை கட்டிக்கொள்வார்கள், கூடை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கொழுந்து எடுப்பார்கள், படம் பிடிப்பார்கள். மற்றபடி நடப்பார்கள், உட்காருவார்கள், மலையில் பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிரை பிடித்து நிற்கிற எங்கள் பெண்கள் இதை வேடிக்கை பார்ப்பதுண்டு. அதில் பொறாமை கிடையாது. புரியவில்லை, அவ்வளவுதான். காசு செலவழித்து, கடல் கடந்து வந்து, ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் போக ஒருத்திக்கு எப்படி முடிகிறது?

கடல் கடப்பது எங்கள் பெண்களுக்குப் புதிதல்ல. குவைத், சவூதி, ஜோர்தான், லெபனான் என்று நாற்பது வருடமாகப் போய் வருகிறார்கள். மத்தியதரைக் கடலை மலையகத்துப் பெண்களில் அனேகர் பார்த்தது பெய்ரூட் அடுக்குமாடிகளின் பால்கனியில் நின்று, துணி காயப்போடும்போதுதான். அங்கே ‘கஃபாலா’ என்றொரு முறை உண்டு. வேலைக்கு வந்தவளின் வதிவிட அனுமதி எசமானர் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அவர் விட்டால்தான் வீட்டு வாசலைத் தாண்டலாம். 2006இல் அங்கே யுத்தம் மூண்டபோது ஆயிரக்கணக்கான இலங்கைப் பெண்கள் போக வழியில்லாமல் அகப்பட்டார்கள். கடற்கரை நகரமொன்றில் வருடக்கணக்கில் வாழ்ந்து, கடலில் கால் நனைக்காமல் திரும்பியவர்கள் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள்.

சூரிச்சில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக விசா கிடைத்ததும், வழியில் ஒரு மத்தியதரைக் கடற்கரை ஊரில் இறங்கித் தங்குவது என்று நான் முடிவெடுத்ததற்குப் பின்னால் இதெல்லாம் இருந்தது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், கம்பளைப் பக்கம், அன்பான மனிதர், எந்த நாட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கேட்டார். வேலைக்கு இல்லை, ஊர் பார்க்க என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஏஜென்சி யாருங்க?” என்றார்.

பலெர்மோவைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒரு புத்தகம். சிசிலியை ஆண்ட நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜரின் அவையில் அல்-இத்ரிசி என்ற அராபியப் புவியியலறிஞர் இருந்தார். அன்றைக்குத் தெரிந்த உலகம் முழுவதையும் வரைபடமாக்கி, அதற்கொரு விளக்க நூலும் எழுதச் சொன்னான் அரசன். கடலோடிகளிடமும் வணிகர்களிடமும் வருடக்கணக்கில் விசாரித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டு, 1154இல் வேலையை முடித்தார்கள். அராபிய வழக்கப்படி தெற்கு மேலேயும் வடக்கு கீழேயுமாக வரைந்த படம் அது. வெள்ளித் தகட்டிலும் உலகத்தைச் செதுக்கிவைத்தார்கள். சில வருடங்களில் நடந்த கலகத்தில் வெள்ளி காணாமல் போய்விட்டது. கையெழுத்துப் பிரதிகள் தப்பின.

அந்த நூலில் சரந்தீப் வருகிறது. எங்கள் தீவுதான். ஆதம் இறங்கிய மலையைப் பற்றி எழுதுகிறார், இரத்தினங்களைப் பற்றி எழுதுகிறார். தீவின் அரசனுக்குப் பதினாறு மந்திரிகள், அவன் சமயத்தவர் நால்வர், கிறிஸ்தவர் நால்வர், முஸ்லிம்கள் நால்வர், யூதர் நால்வர் என்றும் எழுதுகிறார். இது எவ்வளவுக்கு உண்மையோ! தன் அரசனின் அவை எப்படி இருந்ததோ அப்படியே தூரத்துத் தீவையும் கற்பனை செய்துகொண்டாரோ என்று எனக்கொரு சந்தேகம். எப்படியிருந்தாலும், சிவனொளிபாத மலையைக் கண்ணால் பார்க்காத ஒருவர் எண்ணூற்றைம்பது வருடங்களுக்கும் முன்னே அதைப் பற்றி உட்கார்ந்து எழுதிய ஊர் பலெர்மோ. அந்த மலைநாட்டிலிருந்து ஒருத்தி போய்ப் பார்ப்பதற்கு இது போதாதா?

விமான நிலையம் நகரத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர் தள்ளி, கடலுக்கும் பாறைமலைக்கும் நடுவில் கிடக்கிறது. பெயர் ஃபல்கோனே–போர்செல்லினோ. மாஃபியாவை நீதிமன்றத்தில் நிறுத்தியதற்காக 1992இல் இரண்டு மாத இடைவெளியில் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட இரு நீதவான்கள் அவர்கள். நகரத்துக்குப் போகிற பெருந்தெருவில், ஃபல்கோனேயின் வாகனம் வெடித்துச் சிதறிய கப்பாச்சி என்ற இடத்தில், வீதியின் இரு பக்கமும் நினைவுத்தூண் நிற்கிறது. பஸ் அதைக் கடந்தபோது யாரும் பேச்சை நிறுத்தவில்லை. பழகிவிட்டது போலும். துயரம் நடந்த இடங்களை பஸ்ஸில் கடந்து கடந்து பழகியவர்கள்தானே நாமும்.

பழைய நகரத்தை நடந்தே பார்க்கலாம், நடந்துதான் பார்க்க வேண்டும். இரண்டு நேர்த்தெருக்கள் குறுக்கே வெட்டுகிற குவாத்ரோ கந்தி சந்தியில் நின்றால் நகரம் நான்கு பங்காகப் பிரிகிறது. ஒரு பங்குக்குள் நுழைந்துவிட்டால் திசை மறந்துபோகும், மறப்பதில் நட்டமில்லை. மத்தியானம் ஒன்றரை மணியளவில் கடைகள் கதவைச் சாத்தத் தொடங்கும். நாலு மணி வரைக்கும் ஊர் படுத்துவிடும். அந்த நேரத்தில் வாங்கவும் விற்கவும் ஒன்றுமில்லை. பெரட்டுக்கு நேரமாச்சு, நிறுவைக்கு நேரமாச்சு என்று சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு ஊரே பகலில் இப்படிக் கை கட்டி இருப்பது முதலில் ஒத்துவரவில்லை. பிறகு பிடித்துப்போனது.

பலாரோ சந்தைக்குக் காலையில் போனால் நல்லது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சந்தை என்கிறார்கள். வியாபாரிகள் இழுத்து இழுத்துக் கூவுகிற கூவலில் பழைய அராபிய ராகம் இருப்பதாகவும் சொல்கிறார்கள். எனக்கு நுவரெலியா மார்க்கட்டில் லீக்ஸ் விற்கிற சத்தம்தான் கேட்டது. மரக்கறிக் குவியல்களை நான் தோட்டக்காரியின் கண்ணால் பார்த்தேன். கரட் எங்களுடையதைவிட மெலிவு. லீக்ஸ் பரவாயில்லை. ஆனால் ஒரு கட்டுக் கீரை என்னை நிறுத்திவிட்டது. இளம்பச்சைக் கொடி, சுருள் சுருளான நுனி, மேலெல்லாம் மெல்லிய சுணை. ஆளுயரம் வளரும் அவர்கள் ஊர்ச் சுரைக்காயின் கொழுந்து அது. ‘தெனெரூமி’ என்கிறார்கள். நுனியைக் கிள்ளி, தக்காளியும் பூண்டும் போட்டு, உடைத்த பாஸ்தாவோடு கஞ்சிப் பதத்தில் காய்ச்சுவது கோடைகாலத்துச் சாப்பாடு. கிள்ளுவதைக் கவனித்தேன். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்கிற அந்தக் கணக்கு எங்கள் மலையில் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். கடலை மாவைக் களியாகக் கிண்டி, தட்டில் பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டுப் பொரிக்கிறார்கள். ‘பனெல்லே’. எள்ளுத் தூவிய பாணுக்குள் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கையில் தருவார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதை வைத்தே நாளை ஓட்டலாம். அரன்சினா என்ற பொரித்த சோற்றுருண்டை இன்னொன்று. இறைச்சி வேண்டாம் என்றால் வெண்ணெயும் சீஸும் வைத்தது கேட்க வேண்டும், பெரும்பாலும் அதற்குள்ளும் பன்றியிறைச்சி இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். மண்ணீரலை வேகவைத்துக் கொழுப்பில் வாட்டி வைக்கிற பாண் இவ்வூரின் பெருமை. மண்ணீரல் எனக்குத் தொண்டையைத் தாண்டவில்லை. தேத்தண்ணி பற்றி வாய் திறக்காமல் இருப்பது மரியாதை. கோப்பையில் வெந்நீரும் பக்கத்தில் நூல் கட்டிய பையும் வந்தால், கந்தப்பளையை நினைக்காமல் கோப்பி வாங்கிக் குடித்துவிடுங்கள். அவர்கள் கோப்பி நன்றாகவே இருக்கிறது.

பலாரோவைச் சுற்றி பங்களாதேஷ்காரர், கானாக்காரர், கம்பியாக்காரர், துனிசியர் கடைகள் நிறைய. அந்த வட்டாரத்தில் கடை வைத்தவர் கப்பம் கட்டுவது நெடுநாள் வழக்கம். 2016இல் கப்பக்காரர்களுக்கு எதிராகக் கூட்டமாக வாய் திறந்தவர்கள் அங்கே பிறந்து வளர்ந்த பழைய வியாபாரிகளல்ல, பெரும்பாலும் பங்களாதேஷ்காரர்கள். கைதுகள் நடந்தன. வந்தேறி என்று சொல்லப்படுகிறவன் ஒரு ஊருக்கு என்ன தருவான் என்று கேட்கிறவர்களுக்கு இது ஒரு பதில்.

அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலத்தீனாவை ரொஜர் கட்டுவித்தான், 1140இல் அர்ச்சிக்கப்பட்டது. சுவரில் கிரேக்க முறையிலான பொன் பதிகற்கள், நடுவில் கிறிஸ்து. தலையைத் தூக்கினால் மரக்கூரை முழுக்க முஸ்லிம் தச்சர்களின் தேன்கூட்டு வேலை; குடிப்பவர், வாசிப்பவர், சதுரங்கம் ஆடுகிறவர் என்று சின்னச்சின்ன உருவங்கள். கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். ஆனால் என்னை அதிகம் பிடித்து வைத்தது ஸீசா மாளிகையிலிருக்கும் ஒரு சின்னக் கல். 1149ஆம் வருடத்தது. கிரிசாந்துஸ் என்ற குருவானவர் தன் தாய் அன்னாவின் நினைவாக வைத்தது. ஒரே அம்மாவின் சாவை லத்தீனிலும் கிரேக்கத்திலும் அராபியிலும், போதாததற்கு எபிரேய எழுத்தில் எழுதிய அராபியிலும் பொறித்திருக்கிறார்கள். கொழும்பு நூதனசாலையில் காலியிலிருந்து கிடைத்த மும்மொழிக் கல் இருக்கிறது, 1409ஆம் ஆண்டுத் திகதியோடு, சீனமும் தமிழும் பாரசீகமுமாக. அது ஒரு பேரரசின் காணிக்கைப் பட்டியல். இது ஒரு மகனின் துக்கம். அரசாங்கக் கடிதம் ஒன்றைத் தன் மொழியில் பெற இன்றைக்கும் கச்சேரியில் காத்துநிற்கிற நாட்டிலிருந்து போனவளுக்கு அந்தக் கல்லுக்கு முன்னால் என்னென்னவோ தோன்றியது.

இந்த மினுக்கமெல்லாம் நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த நூற்றாண்டில் சிசிலியின் முஸ்லிம்களைக் கண்டத்துக்கு நாடு கடத்தினார்கள். 1492இல் யூதர்களுக்கு வெளியேற்றக் கட்டளை வந்தது. பழைய யூதர் தெருக்களில் இப்போது பெயர்ப்பலகை இத்தாலியம், எபிரேயம், அராபியம் மூன்றிலும் இருக்கிறது. ஆட்களைத் துரத்திவிட்டு ஐந்நூறு வருடம் கழித்துப் பலகை வைப்பது சுலபம். ஆனாலும் வைத்திருக்கிறார்கள்.

இனி மலை.

மொன்தே பெல்லெக்ரீனோ நகரத்தின் வடக்கே கடலோரமாகத் தனியே எழுந்து நிற்கிறது. அறுநூறு மீற்றர் உயரம். ஆறாயிரம் அடிக்கு மேலே வாழும் கந்தப்பளைக்காரி சிரிக்கலாம். ஆனால் இது கடல் மட்டத்திலிருந்து நேரே ஏறுகிற அறுநூறு. 1787இல் வந்த ஜெர்மன் கவி கேத்தே இந்த மலையையும் அதன் குகையையும் பற்றி விரிவாக எழுதிவைத்திருக்கிறார். குகை சாந்தா ரொசாலியாவுடையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரபு குடும்பத்தில் பிறந்து, வீட்டை விட்டு வந்து, இந்தக் குகையில் தனியே தவமிருந்து செத்தவள் என்பது கதை. 1624இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது அவளுடைய எலும்புகள் இங்கே கண்டெடுக்கப்பட்டன. அடுத்த வருடம் அவற்றை ஊர்வலமாக நகரத்துக்குள் கொண்டுபோனார்கள், நோய் நின்றது. அன்றிலிருந்து அவள்தான் ஊர்க்காவல். யூலை 14 இரவு தேர்த்திருவிழா, செப்டெம்பர் 4 மலையேற்றம்.

அம்மை கண்ட ஊரில் மாரியம்மனுக்குக் கும்பிடு போட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையில் விளக்க என்ன இருக்கிறது? எண்பதுகளில் இலங்கையின் வடக்கு கிழக்கிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி பலெர்மோவில் வந்து விழுந்த தமிழர், கத்தோலிக்கரும் இந்துக்களும், இவளை நேரே பற்றிக்கொண்டார்கள். மடுமாதாவுக்கு இந்துக்களும் நேர்த்தி வைக்கிற நாட்டுக்காரர்கள் அவர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுகிறவர்களில் தமிழர் கணிசமான கூட்டம், அதிலும் இந்துக்கள். பலர் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். பலெர்மோக்காரர்களே இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

நகரத்திலிருந்து குகைக்கு 812ஆம் இலக்க பஸ் போகிறது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் யாத்திரிகருக்காகக் கல் பதித்த பழைய பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. நடக்க முடிந்தவர்கள் அதில்தான் போக வேண்டும். நான் போனது ஞாயிறு. பாதித் தூரத்தில் ஒரு திருப்பத்தில் மூன்று பெண்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பொட்டு, பூச்சேலை, பக்கத்தில் பையில் மெழுகுதிரி.

“தங்கச்சி தமிழோ? எவ்விடம்?”

“கந்தப்பளைங்க அக்கா. நுவரெலியாவுக்குப் பக்கம்.”

“ஓ, குளிர் இடம். பள்ளிக்கூடத்தால ஒருக்கா வந்தனாங்கள், சண்டைக்கு முதல். தனியாவோ வந்தனீங்கள்?”

“ஆமாங்க அக்கா.”

“வேலைக்கோ?”

இல்லை என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் சிரித்துவிட்டார். “நல்லது. நாங்கள் இஞ்ச வந்து இவ்வளவு காலம், ஊரைச் சுத்திப் பாக்கேல்லை. வீடு, வேலை, இந்த மலை. செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ, கல்லுச் சுடாது இப்ப.”

கழட்டினேன். கல் சுட்டது.

பேசிக்கொண்டே ஏறினோம். ஒருவர் வயதான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். குளிக்கவார்க்க, மருந்து கொடுக்க, இரவில் பக்கத்தில் படுக்க. மற்ற இருவருக்கும் வீடுகளில் துப்புரவு வேலை. இத்தாலிக் குடும்பங்களின் கிழடுகளைத் தாங்குவது இப்படியான கைகள்தான். பெய்ரூட்டோடு ஒப்பிட்டால் இது வேறு: ஞாயிறு அவர்களுடையது, வீட்டுச் சாவி அவர்கள் பையில், பிள்ளைகள் பக்கத்தில். ஆனால் பலெர்மோவைச் சொர்க்கமாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்தவர் இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே பத்து வருடம் சட்டப்படி அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதை ஐந்தாகக் குறைக்க 2025 யூனில் நடந்த வாக்கெடுப்பு, பாதிப்பேர் கூட வாக்களிக்காததால் செல்லாமல் போனது. அங்கேயே பிறந்த பிள்ளையும் பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டும். நகரசபை மட்டத்தில் மனம் கொஞ்சம் விசாலம். லியோலூக்கா ஓர்லாந்தோ மேயராக இருந்தபோது வெளிநாட்டவர் தம் பிரதிநிதிகளைத் தேர்கிற ஆலோசனை மன்றம் ஒன்றை 2013இல் அமைத்தார்கள். 2015இல் ‘பலெர்மோ சாசனம்’ வந்தது. இடம்பெயர்வது மனித உரிமை, வதிவிட அனுமதி என்ற முறையே ஒழிய வேண்டும் என்றது அது. ரோமாபுரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்து வருடம் என்று அக்காமாரில் ஒருவர் அலுத்துக்கொண்டபோது நான் மனசுக்குள் எங்கள் கணக்கைப் போட்டேன். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கியது. பாதிக் குடும்பங்களைக் கப்பலேற்றி அனுப்பி, மீதியை இழுத்தடித்து, எஞ்சியிருந்தவர்களுக்கும் உரிமை தருகிற சட்டம் 2003இல்தான் வந்தது. லயத்துக் காம்பராவுக்குக் காணி உறுதி இன்னும் பெரும்பாலானோர் கையில் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. மலையேறும்போது கணக்குப் பார்க்கக்கூடாது.

குகைக் கோயிலின் முகப்பு பாறையோடு ஒட்டிக் கட்டியது. உள்ளே போனால் கூரை கிடையாது, குகைதான் கூரை. பாறையிலிருந்து ஓயாமல் நீர் சொட்டுகிறது. அதை ஏந்த, தலைக்கு மேலே தகர வாய்க்கால்களைக் கோணல்மாணலாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள்; இந்த உலகில் நான் கண்ட அழகான பீலி அதுதான். கண்ணாடிக்குள் சாய்ந்து படுத்திருக்கும் ரொசாலியாவின் பளிங்குச் சிலைக்குப் பிற்காலத்து அரசன் ஒருவன் கொடுத்த பொன்னாடை. சுவரில் நேர்த்திக்கடன் வெள்ளித் தகடுகள்: கால், கண், நெஞ்சு, குழந்தை. அக்காமார் முழந்தாளிட்டார்கள். ஒருவர் சிலுவை போட்டார், ஒருவர் கைகூப்பினார், மூத்தவர் இரண்டையும் செய்தார்.

வெளியே வந்தால் கீழே நகரம், துறைமுகம், மற்றப் பக்கம் மொந்தெல்லோக் கடற்கரை. மலைக்காரர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். கடலைக் கரையிலிருந்து பார்க்க முன்னால் மேலேயிருந்து பாருங்கள். அதுதான் நமக்குத் தோதான கோணம்.

மொந்தெல்லோவுக்கு 806 பஸ். மலேரியாச் சதுப்பாகக் கிடந்த இடத்தை வடித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளியல் கரையாக்கினார்கள். இங்கே கடலுக்கு ஏற்றமும் வற்றும் பெரிதாகக் கிடையாது. காலிமுகத்திடல் அலைக்குப் பயந்து பழகியவளுக்கு, முழங்காலளவு தண்ணீரில் நின்று அடியில் விரல்களை எண்ண முடிவது பெரிய சங்கதி. நீந்தத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. நெடுநேரம் நின்றேன். பெய்ரூட் போய் வந்த பக்கத்து லயத்து அக்காவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். “தண்ணி சில்லுனு இருக்கா?” என்று பதில் வந்தது. சில்லென்று இல்லை, இளஞ்சூடு என்று எழுதினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். யூலை, ஓகஸ்ட் வெயில் மலைவாசிகளுக்கு ஆகாது. ஏப்ரல்–மே அல்லது செப்டெம்பர் கடைசி நல்லது. ஷெங்கன் விசாவுக்கு முன்கூட்டியே அலைய வேண்டும். தனியே போகும் பெண் பழைய நகரத்துச் சந்துகளில் பகலில் பயமின்றி நடக்கலாம். இரவில் பெருந்தெருக்களோடு நிறுத்திக்கொள்வது புத்தி, பையை உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். தாவரவியல் பூங்காவை விட்டுவிடாதீர்கள். 1845இல் கொண்டுவந்த அவுஸ்திரேலிய அத்தி ஒன்று விழுதிறக்கி ஒரு மண்டபமே கட்டியிருக்கிறது. நம் ஆலமரத்துக்கு உறவு. அடியில் பெஞ்சு உண்டு. எவ்வளவு நேரம் இருந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

பலெர்மோவிலிருந்து வடக்கே போகிறவர்கள் விமானத்தை மறந்து ரயிலெடுங்கள். எங்கள் ஊருக்கும் ஒரு காலத்தில் ரயில் வந்தது. நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக 1904இல் ராகலை வரை நீண்ட சின்னப் பாதை அது. நாற்பதுகளோடு அதன் கதை முடிந்தது. தண்டவாளத்தின் தடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இத்தாலிக்காரர் பிடிவாதம் வேறு மாதிரி. மெசினா நீரிணையில் பாலம் இல்லை. ஆகவே பலெர்மோவிலிருந்து ரோமுக்குப் போகும் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, அக்கரையில் திரும்பக் கோர்க்கிறார்கள். இந்த வேலை நடக்கும்போது பயணிகள் இறங்கி மேல்தட்டுக்குப் போய் வாங்கிச் சாப்பிடலாம். நேரம் பிடிக்கும். சூரிச்சிலிருந்து உறவுக்காரர்கள், எங்கே நிற்கிறாய், தாலி கட்டுக்கு வந்துசேருவாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கப்பலுக்குள் ரயிலில் இருக்கிறேன் என்றதை ஒருவரும் நம்பவில்லை.